பட்வர்தன் பரிசு

பட்வர்தன் பரிசு, ஊட்டச்சத்து அறிவியலில் ஆய்வு செய்யும் 40 வயதுக்கு உட்பட்ட இந்திய அறிவியலாளர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஏற்படுத்தியது. உயிர்வேதியியலாளர் வி. என். பட்வர்தனின் நினைவைத் தாங்கி நிற்கும் இப்பரிசின் விதி மிகச் சுருக்கமானது. ஆய்வு ஊட்டச்சத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்த அடிப்படை ஆராய்ச்சியாகவோ, நோயாளிகளிடையே செய்த மருத்துவ ஆய்வாகவோ, ஊர் ஊராகச் சென்று நடத்திய கள ஆய்வாகவோ அது இருக்கலாம். ஆனால் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடம், நோயாளியின் படுக்கை, கிராமம் என்று விதி சொல்லும் இந்த மூன்றும், பட்வர்தன் தலைமை தாங்கிய நிறுவனத்தின் நாற்பது ஆண்டு வரலாற்றின் சுருக்கமும் ஆகும். பரிசின் கதையைச் சொல்ல வேண்டுமானால் குன்னூரில்தான் தொடங்க வேண்டும்.

குன்னூரில் ஓர் அறை

நீலகிரியின் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்போனது. அந்த நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் 'பெரிபெரி' நோய் குறித்த விசாரணைப் பிரிவைத் தொடங்கினார். அயர்லாந்தில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர் அவர். அதற்கு முன் கில்கிட் பகுதியில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தவர். வைட்டமின் என்ற சொல் பிறந்தே ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி ஆளைக் கொல்லும் பெரிபெரிக்குக் காரணம் கிருமியா, நஞ்சா, உணவா என்ற விவாதம் அப்போதும் முழுதாக ஓயவில்லை.

மெக்காரிசன் புறாக்களுக்கும் எலிகளுக்கும் குறைபாடுள்ள உணவைக் கொடுத்து உடல் உறுப்புகள் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தார். பின்னாளில் அவர் செய்த ஒரு சோதனை இன்றும் பேசப்படுகிறது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராசி என்று ஒவ்வொரு மக்களின் வழக்கமான சாப்பாட்டையும் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் தின்ற சீக்கிய உணவு எலிகள் நன்கு கொழுத்தன. வரிசையின் கடைசியில் நின்றவை நம் மதராசி உணவு தின்ற எலிகள். தீட்டிய அரிசியை வயிறு நிறையத் தின்றும் அவை வளரவில்லை. இதை வைத்துச் சீக்கியர் மேலான இனம், மதராசிகள் தாழ்ந்த இனம் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் எலிகள் எல்லாம் ஒரே வளர்ப்பைச் சேர்ந்தவை. வேறுபட்டது தட்டு மட்டுமே. சோதனையின் முடிவு இனவாதத்துக்கு நேர் எதிரானது.

இடையில் 1923இல் அரசின் சிக்கன நடவடிக்கையால் இந்தப் பிரிவு மூடப்பட்டது. 1925இல் மீண்டும் உயிர் பெற்றது. 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடங்கள் என்ற பெயரில் முழு நிறுவனமாக வளர்ந்தது.

1935இல் மெக்காரிசன் ஓய்வு பெற்றதும் வாலஸ் அய்க்ராய்ட் வந்தார். முன்னவரின் கண் எலிக்கூண்டின் மேல் என்றால், பின்னவரின் கண் சமையலறையின் மேல். எந்தப் பண்டத்தில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று இந்திய உணவுகளைப் பகுத்துப் பட்டியலிட்டு 1937இல் ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். இந்திய உணவுச்சத்து அட்டவணைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். பின்னாளில் இந்நிறுவனத்தின் இயக்குநரான சி. கோபாலனும் உடன்பணியாளர்களும் 1971இல் திருத்தி எழுதிய நூலும், 2017இல் வந்த 528 உணவுகளின் புதிய அட்டவணையும் அந்த வழியில் வந்தவை.

அய்க்ராய்டின் காலத்து ஆய்வுகளில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது அரிசி பற்றியது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கும் ஒரே அளவில் இல்லை. விசாகப்பட்டினம் பக்கமுள்ள வட கடலோர மாவட்டங்களில் அது ஆளை வாரிக்கொண்டு போயிற்று. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகள் மாண்டன. தமிழ் மாவட்டங்களில் அரிசியே முழு உணவாக இருந்தும் நோய் அரிது. இரு பகுதிக்கும் உள்ள வேறுபாடு பச்சரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் உள்ள வேறுபாடு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. நெல்லை அவித்துக் காயவைத்த நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பலன் மட்டும் பேரப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

1943இன் வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவில் அய்க்ராய்ட் உறுப்பினராக இருந்தார். அதன்பின் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகப் போய்விட்டார். குன்னூர் நாற்காலி காலியானது.

பட்வர்தனின் காலம்

நாடு விடுதலை அடையும் தறுவாயில் அந்த நாற்காலிக்கு வந்தவர் பட்வர்தன். இரண்டு ஐரோப்பியருக்குப் பிறகு அமர்ந்த இந்தியர். பம்பாயில் உயிர்வேதியியலில் பணியாற்றியவர்; மருத்துவப் பட்டத்தின் வழியாக அல்லாமல் வேதியியலின் வழியாக மனித உடலுக்குள் நுழைந்தவர். அவருக்கு முன்னிருந்த இருவரும் மருத்துவர்கள், பின்னால் வந்த கோபாலனும் மருத்துவர். நடுவில் ஒரு வேதியியலாளர் தலைமை தாங்கியது நிறுவனத்துக்கு நல்லதாகவே அமைந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. நோயாளியைப் பார்க்கும் வேலையை அவர் இளம் மருத்துவர்களிடம் விட்டார். அவர்களும் அதை அரைகுறையாகச் செய்யவில்லை.

அந்த இளைஞர்களின் வயதைப் பார்த்தால் 40 வயது வரம்புள்ள ஒரு பரிசு ஏன் இவர் பெயரில் பொருந்துகிறது என்பது புரியும். சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன் 1946இல், தன் 28ஆம் வயதில், பாத எரிச்சல் நோய் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உள்ளங்கால் தீயில் வைத்ததுபோல் எரிந்து இரவெல்லாம் தூங்கவிடாத அந்நோய் வறிய அரிசி உணவைத் தின்றவர்களிடம் காணப்பட்டது. 1921இல் பிறந்த வி. ராமலிங்கசுவாமி 1947இல் நோய்க்குறியியலாளராகக் குன்னூர் வந்து 1954வரை இருந்தார். கிளம்பும்போது அவருக்கு 33 வயது. பின்னாளில் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பால் கழுத்துக்கழலையைக் குறைக்க முடியும் என்று காட்டி, அயோடின் உப்புக் கொள்கைக்கு அடித்தளம் இட்டவர் அவர். இருவருமே பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர்கள் ஆனார்கள். இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோக்கள். எஸ். ஜி. ஸ்ரீகாந்தியா, பி. எஸ். வெங்கடாசலம் போன்றவர்களும் அதே அணியைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் கையிலெடுத்த பெரிய கேள்வி குவாஷியோர்கர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் 1930களில் விவரித்த நோய் இது. பால் மறந்த குழந்தைக்குக் கால் வீங்கும், தோல் உரியும், முடி நிறம் மாறும், முகத்தில் சிரிப்பு மறையும். இந்தியாவில் அதைப் பல காலம் சோகை என்றும் ஈரல் நோய் என்றும் குடற்புழு என்றும் சொல்லிவந்தார்கள். கோபாலனும் ராமலிங்கசுவாமியும் 1955இல் வெளியிட்ட ஆய்வு இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதை ஈரல் திசு வரை ஆராய்ந்து நிறுவியது.

அடுத்த கேள்வி மருந்தைப் பற்றியது. உலகெங்கும் இதற்குப் பால்பவுடர்தான் மருந்து என்று கருதினார்கள். விடுதலை பெற்ற புதிதில், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கெல்லாம் பால்பவுடர் வாங்கித் தர இந்தியாவுக்கு ஏது வழி? 1950களின் நடுவில் இந்த அணி வீக்கம் வந்த குழந்தைகளுக்குப் பருப்பு முதலான தாவரப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தது. குழந்தைகள் தேறினார்கள். பாலைவிடச் சற்று மெதுவாகத் தேறினாலும் தேறினார்கள். அமைச்சகங்களும் உதவி நிறுவனங்களும் வெளிநாட்டுப் பால்பவுடரை எதிர்பார்த்துக் காத்திருந்த காலத்தில், துவரையும் கடலையும் விளையும் நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு வேறில்லை. 1962இல் அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்து இதழில் பருப்பு வகைகள் மனித உணவில் வகிக்கும் இடம் பற்றிப் பட்வர்தன் எழுதிய நீண்ட கட்டுரை இந்த அனுபவத்தின் பின்னணியில் வந்தது.

பட்வர்தன் தன் கையால் செய்த வேலைகளில் நிலைத்து நின்றது இந்தியர்களுக்கான உணவுத் தேவைக் கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்பது வெறும் அறிவியல் கேள்வி அல்ல. ரேஷன் அளவு, சிறை உணவு, மருத்துவமனை உணவு, பின்னாளில் வறுமைக் கோடு என எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதுவரை இருந்த கணக்குகள் பெரும்பாலும் வெளிநாட்டவரின் உடலையும் உழைப்பையும் வைத்துப் போட்டவை. இந்திய உடல் எடை, இந்தியத் தட்பவெப்பம், இந்திய வேலை ஆகியவற்றை வைத்துக் கலோரியையும் புரதத்தையும் மறுபடி கணக்கிட்ட அவரது அறிக்கையை ஐ.சி.எம்.ஆர். 1960இல் சிறப்பு அறிக்கையாக வெளியிட்டது. அதன்பின் 1968 முதல் 2020 வரை அந்தக் கணக்கு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. திருத்துவதற்கு ஓர் இந்தியக் கணக்கு இருந்ததே அவர் செய்த உதவி. 1952இல் அவர் வெளியிட்ட 'நியூட்ரிஷன் இன் இந்தியா' என்ற நூல், அதுவரை இதழ்களில் சிதறிக் கிடந்த இந்திய ஆய்வுகளை ஒரே இடத்தில் கூட்டியது.

மலையிலிருந்து இறங்குதல்

1958இல் நிறுவனம் குன்னூரை விட்டு ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தது.  இதற்கான காரணம் வலுவானது. குளிர்ந்த மலையில் எலிகளை வளர்ப்பது எளிது. பசியால் நலிந்த குழந்தைகளைக் கூட்டமாகப் பார்க்கப் பெரிய மருத்துவமனை வேண்டும். ஹைதராபாத்தில் நிலோஃபர் குழந்தைகள் மருத்துவமனை இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது, சுற்றிலும் வறண்ட தெலங்கானா கிராமங்கள் இருந்தன.

கிராமங்கள் அருகில் வந்ததும் ஆய்வின் திசையும் மாறியது. பெல்லாக்ரா என்ற தோல், குடல், மன நோய் மக்காச்சோளம் தின்பவர்களுக்கு வருவது என்று உலகம் அறிந்திருந்தது. மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தெலங்கானாவிலோ சோளம் தின்ற உழவர்களுக்கு அந்நோய் வந்தது. சோளத்தில் டிரிப்டோஃபேனுக்குப் பஞ்சமில்லை. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள்: சோளத்தில் அளவுக்கு மீறி இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலமே நியாசின் வைட்டமினின் வேலையைக் கெடுக்கிறது. பிற்காலத்தில் இதை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு சத்தின் குறைவு மட்டுமல்ல, சத்துகளுக்கு இடையிலான சமன் குலைவதும் நோயாகலாம் என்ற எண்ணத்தை அது விதைத்தது.

1960ஆம் ஆண்டோடு பட்வர்தனின் இயக்குநர் காலமும் முடிந்தது; கோபாலன் பொறுப்பேற்றார். நிறுவனம் தன் பொன்விழாவின்போது, 1969இல், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. இயக்குநர் பொறுப்பை விட்டபின் பட்வர்தன் பன்னாட்டுப் பணிக்குப் போனார். உலக சுகாதார அமைப்புக்காக ஜோர்டானில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டை ஆராய்ந்தார். கண் வறண்டு, கருவிழி கரைந்து குழந்தையைக் குருடாக்கும் அந்நோய் பற்றி 1969இல் அவர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை அத்துறையில் பலரும் எடுத்தாண்டது. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டார்பியுடன் சேர்ந்து அரபு மத்திய கிழக்கின் ஊட்டச்சத்து நிலை பற்றி அவர் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது.

அதே காலத்தில் ஹைதராபாத்தில் அவர் விட்டுவந்த நிறுவனம் வைட்டமின் ஏ-யைப் பெரிய அளவில், 2 லட்சம் அலகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்வழி கொடுத்தால் ஈரல் அதைச் சேமித்துவைத்துக்கொள்ளும் என்று கண்டது. 1970 முதல் அது நாடு தழுவிய திட்டமானது. பழைய இயக்குநர் ஜோர்டானிலும் பழைய நிறுவனம் ஹைதராபாத்திலும் ஒரே நோயை எதிர்த்து நின்ற ஆண்டுகள் அவை.

பரிசு

பட்வர்தன் பெயரிலான பரிசு ஐ.சி.எம்.ஆரின் நினைவுப் பரிசு வரிசையில் சேர்ந்தது. அந்த வரிசை நீண்டது. கொசு, யானைக்கால் ஆய்வுக்கு எம். ஓ. டி. ஐயங்கார் நினைவு விருது, குழந்தை மருத்துவத்துக்கு எச். பி. டிங்லி நினைவு விருது, தொழுநோய்க்கு சி. ஜி. எஸ். ஐயர் சொற்பொழிவு என்று ஒவ்வொரு துறைக்கும் அத்துறைக்கு உழைத்த ஒருவரின் பெயர். ஊட்டச்சத்துக்கு வாய்த்த பெயர் பட்வர்தன்.

மெக்காரிசன் பெயர் ஏன் இல்லை என்று யாரும் கேட்கலாம். நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தானே. ஆனால் விடுதலைக்குப் பின் வந்த தலைமுறை, தங்கள் கண்முன் நிறுவனத்தைக் கட்டிக் கைமாற்றிய ஒருவரை நினைவில் வைக்க விரும்பியதில் வியப்பில்லை. பட்வர்தன் பெருந்தலைவராகப் போற்றப்பட்டவர் அல்லர். பாடநூல்களில் மெக்காரிசனின் எலிகள் வரும், கோபாலனின் குவாஷியோர்கர் ஆய்வு வரும். பட்வர்தன் பெயர் அடிக்குறிப்பில் வரும். பொது வாசகரின் கண்ணில் அவர் பெயர் படுவதே இந்தப் பரிசின் வழியாகத்தான். நினைவுப் பரிசுகளுக்கு உள்ள குறை இதுவே: பெயரைக் காப்பாற்றும், ஆளை மறக்கடிக்கும். பரிசு பெறும் ஆராய்ச்சியாளரின் தன்விவரக் குறிப்பில் 'பட்வர்தன்' என்ற சொல் ஏறும். பட்வர்தன் யார் என்று கேட்டால் அதே ஆராய்ச்சியாளரே தடுமாறக்கூடும்.

40 வயது வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்பியலிலோ கணிதத்திலோ 30 வயதில் ஒருவர் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைச் செய்துவிடலாம். ஊட்டச்சத்து ஆய்வு அப்படியல்ல. தாய் கருவுற்றபோது என்ன தின்றாள் என்பது பிள்ளையின் 20ஆம் வயதுச் சர்க்கரை நோயில் எப்படித் தெரிகிறது என்று அறிய 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1987 முதல் 1990 வரை கருவுற்ற தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு கொடுத்து ஒரு சோதனை நடந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பதின்பருவம் எட்டிய 2003-05 ஆண்டுகளில்தான் அவர்களின் இதய, இரத்தக்குழாய் நிலை ஆராயப்பட்டது. புனே பகுதியில் 1993இல் தொடங்கிய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வும் இதே வகை. இந்தத் தரவுகளை எடுத்து 35 வயதில் ஓர் இளம் ஆய்வாளர் சிறந்த கட்டுரை எழுதினால், அதற்கான திட்டத்தைப் போட்டவர் அப்போது ஓய்வு பெற்றிருப்பார். எனவே ஊட்டச்சத்தில் இளையோர் பரிசு என்பது எப்போதும் இரண்டு தலைமுறைக்குப் போகும் பரிசு.

வேறொரு சிக்கலும் உண்டு. இளையோர் பரிசுகளின் நடுவர்களை ஆய்வுக்கூட வேலை எளிதில் ஈர்க்கும்: புதிய கருவி, புதிய மூலக்கூறு, உயர்மதிப்புள்ள இதழ். வெயிலில் வீடு வீடாகப் போய், கிழவி ஒருத்தி நேற்று மாலை எத்தனை கரண்டி கூழ் குடித்தாள் என்று கேட்டு எழுதிய ஆய்வு அந்தப் போட்டியில் பின்தங்கிவிடும். பட்வர்தன் பரிசின் விதி அடிப்படை ஆய்வு, மருத்துவ ஆய்வு, கள ஆய்வு மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது இதற்கு ஒரு நல்ல தடுப்பு. 'சிறந்த பங்களிப்பு' என்று பொதுவாக மட்டும் எழுதியிருந்தால் கள ஆய்வாளர்கள் காணாமல் போயிருப்பார்கள்.

அரசுப் பரிசுகளுக்கு வெளியே, 1967இல் தொடங்கிய இந்திய ஊட்டச்சத்துச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டில் இளம் ஆய்வாளர்களைப் போட்டிக்கு அழைத்துப் பரிசளிக்கிறது. மறைந்தவர்களுக்கு அங்கே நினைவுச் சொற்பொழிவுகள் உண்டு: ஸ்ரீகாந்தியா பெயரில் ஒன்று, கோவை அவினாசிலிங்கம் கல்வி நிறுவனங்களில் மனையியலையும் ஊட்டச்சத்தையும் வளர்த்த ராஜம்மாள் பா. தேவதாஸ் பெயரில் ஒன்று, 2019 அக்டோபரில் தம் 100ஆம் வயதில் மறைந்த கோபாலன் பெயரில் ஒன்று. நினைவுச் சொற்பொழிவு மூத்தவர்களுக்குப் போகிறது, இளையோர் பரிசு போட்டியில் வெல்பவர்களுக்குப் போகிறது. ஒரு பெயரையும் இளைஞர்களையும் நேராக முடிச்சுப் போட்ட வகையில் பட்வர்தன் பரிசு தனித்து நின்றது.

பிற நாட்டு உறவினர்கள்

பிரிட்டனின் ஊட்டச்சத்துச் சங்கம் இளம் ஆய்வாளர்களுக்குக் கத்பர்ட்சன் பதக்கம் வழங்குகிறது. சர் டேவிட் கத்பர்ட்சன் 1930ஐ ஒட்டி கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை அளந்து, காயம்பட்ட உடல் தன் தசைப் புரதத்தையே கரைத்து வெளியேற்றுகிறது என்று கண்டார். அப்போது அவருக்கு வயது 30. அறுவைக்குப் பின் நோயாளிக்குக் கூடுதல் புரதம் வேண்டும் என்ற இன்றைய மருத்துவமனை நடைமுறை அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தது. பின்னர் அபர்டீனின் ரோவெட் நிறுவனத்துக்கு 20 ஆண்டுகள் தலைமை தாங்கி 1989இல் மறைந்தார். அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கத்தில் பீட்டர் ரீட்ஸ் பெயரில் இளம் ஆய்வாளர் விருது இருக்கிறது. அமினோ அமில வளர்சிதைமாற்றத்தை ஆராய்ந்த ரீட்ஸும் ரோவெட்டில் பணியாற்றியவர்தான். அதே சங்கத்தின் நார்மன் கிரெட்ச்மர் விருது, குழந்தை வளர்ச்சியும் ஊட்டச்சத்தும் பற்றிய ஆய்வுக்கானது. பாலைச் செரிக்கும் ஆற்றல் வளர்ந்தபின் சில மக்களிடம் நிலைத்திருப்பதும் சிலரிடம் மறைவதும் ஏன் என்று நைஜீரியாவரை போய் ஆராய்ந்த குழந்தை மருத்துவர் அவர்.

இவை சங்கங்கள் நடத்துபவை. உறுப்பினர்கள் விரும்பும்வரை தொடரும். பட்வர்தன் பரிசின் நிலை வேறு. அது அரசு அமைப்பின் கையில் இருந்தது.

2022க்குப் பின்

2022இல் மத்திய அரசு தன் அறிவியல் துறைகள் வழங்கிவந்த விருதுகள் அனைத்தையும் மறுஆய்வு செய்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் குவித்து வைத்திருந்த விருதுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டு, எண்ணிக்கையில் குறைவான, தகுதியில் உயர்ந்த தேசிய விருதுகளை ஏற்படுத்துவது நோக்கம். சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழுள்ள ஐ.சி.எம்.ஆரின் நினைவுப் பரிசுகளும் அந்த மறுஆய்வுக்கு உள்ளாயின. 2023இல் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் மாளிகையில் முதல்முறையாக வழங்கப்பட்டது. 45 வயது வரையுள்ளோருக்கு 'விஞ்ஞான் யுவா' என்ற பிரிவு. பழைய விருதுகளில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதின் பெயர் மட்டும் அதில் நிலைத்தது.

விருதுகள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன என்பது உண்மை. குறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் புதிய ஏற்பாட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல், மருத்துவம், வேளாண்மை, விண்வெளி என 13 பிரிவுகள் உள்ளன. ஊட்டச்சத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. இத்துறையின் இயல்பே மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் உயிரியலுக்கும் நடுவில் நிற்பது. கிராமத்து அங்கன்வாடியில் எடை பார்த்து ஆய்வு செய்யும் ஓர் இளம்பெண் இதய அறுவை மருத்துவர்களோடும் நெல் மரபியலாளர்களோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. பழைய பெயரில் பரிசைத் தொடர்வது அரசுக்கு இயலாமல் போகலாம். பட்வர்தன் பரிசு வகுத்த மூன்று களங்களையும், 40 வயது வரம்பையும், இந்தியாவில் செய்த ஆய்வு என்ற நிபந்தனையையும் இந்திய ஊட்டச்சத்துச் சங்கம் தன் விருதுகளில் எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.